இரண்டு கிலோ ஜெல்லும் ஓர் ஏக்கர் வெங்காயமும்

தம்புள்ளையில் சிறுபோகம் என்றாலே பெரிய வெங்காயம்தான். மே, ஜூன் மாதங்களில் நாற்றை நட்டுவிட்டால், ஆகஸ்ட், செப்டெம்பரில் அறுவடை முடியும்வரை வானத்தை நம்ப முடியாது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. மாத்தளையைத் தாண்டி வடக்கே வரும்போது அது ஈரம் வற்றிய கச்சானாக வீசுகிறது. இலையிலும் மண்ணிலும் மிஞ்சியிருக்கும் ஈரத்தையும் வாரிக்கொண்டு போகிறது. அந்த மாதங்களில் வாய்க்கால் எட்டாத தோட்டங்களைக் காப்பாற்றுவது கிணறும் பம்பும்தான்.

பம்புக்கு எண்ணெய் வேண்டும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் இரசாயன உர இறக்குமதித் தடை வந்து கமக்காரரின் இடுப்பை ஒடித்திருந்தது. நாட்டின் பெரிய வெங்காயத் தேவையில் பெரும்பகுதி வெளியிலிருந்தே வருகிறது. துறைமுகத்தில் இறங்கும் இந்திய வெங்காயத்தோடு விலையில் மோத வேண்டிய தம்புள்ளை, கலேவெல, நாவுல விவசாயிகளுக்கு ஒவ்வொரு இறைப்பும் கணக்குப் பார்த்துச் செய்யவேண்டிய செலவு.

இந்த நிலையில், கைப்பிடியளவு வெள்ளைக் குறுணியை மண்ணில் கலந்தால் இறைப்பு பாதியாகக் குறையும் என்று யாராவது சொன்னால் காது கொடுக்காமல் இருக்க முடியுமா? நீருறிஞ்சும் ஜெல், ஹைட்ரோஜெல் என்ற பெயர்களில் விற்கப்படும் அந்தக் குறுணி மீது எனக்கு மதிப்பு உண்டு. அது செய்கிற வேலை மெய்யானது. ஆனால் ஓர் ஏக்கர் வெங்காயப் பாத்தியில் அதைத் தூவிவிட்டுப் பம்பை ஓய்வெடுக்க விடலாம் என்று நம்புகிறவர் காசையும் பயிரையும் சேர்த்தே இழப்பார். நாற்றங்காலும் நாற்றின் வேரும் மரக்கன்றின் குழியும்தான் அதற்குரிய இடம். ஏன் என்பதைக் கணக்கோடு பார்த்துவிடலாம்.

குறுணிக்குள் நடப்பது

பையிலிருந்து எடுத்தால் பார்வைக்குச் சீனி போலத்தான் இருக்கும். ஒரு கிராமை ஒரு லீற்றர் மழைநீரில் போட்டு ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மணியும் ஊதிப் பருத்து, நிறமில்லாத வழுவழுப்பான கட்டியாகியிருக்கும். அள்ளி அமுக்கினால் விரலிடுக்கில் வழுக்குமே தவிரத் தண்ணீர் சொட்டாது. வெயிலில் சில நாள் காயவிட்டால் பழையபடி குறுணியாகச் சுருங்கும். மறுபடி நனைத்தால் மறுபடி ஊதும்.

பெரும்பாலான ஜெல்களின் உள்ளே இருப்பவை பொலிஅக்ரிலேற் என்ற நீண்ட சங்கிலிகள். அவற்றில் எதிர்மின்னேற்றத் தொகுதிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றைச் சமப்படுத்தச் சோடியம் அல்லது பொட்டாசியம் அயன்கள் கூடவே இருக்கின்றன. தண்ணீர் பட்டதும் குறுணியின் உட்புறம் வெளியைவிட உப்புச் செறிவு கூடிய இடமாகிறது. பிரசாரணத்தால் நீர் உள்ளே பாய்கிறது. ஒரே மின்னேற்றமுள்ள சங்கிலிகள் ஒன்றையொன்று தள்ளி விரிகின்றன. ஆங்காங்கே போடப்பட்ட குறுக்குப் பிணைப்புகள் இல்லையென்றால் எல்லாம் கரைந்தே போயிருக்கும். அவை இழுத்துப் பிடிப்பதால் ஜெல்லாக நிற்கிறது. இப்படி உள்ளே போன நீரில் பெரும்பகுதியைச் செடியின் வேரால் இழுத்துக்கொள்ள முடியும். களிமண் இறுக்கிப் பிடித்துக்கொண்டு விட மறுக்கும் நீரைப் போன்றதல்ல இது.

இந்த யோசனை பிறந்ததே விவசாய ஆய்வுகூடத்தில்தான். அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், பியோரியா நகரிலிருந்த விவசாயத் திணைக்கள ஆய்வுகூடம் சோள மாச்சத்துக்குப் புதுப் பயன் தேடியபோது 1970களில் உருவாக்கிய பொருளுக்கு ‘சூப்பர் ஸ்லர்ப்பர்’ என்று பெயர். பிறகு அது வயலைவிட்டு வீட்டுக்குள் போனது. குழந்தைகளின் அணையாடையிலும் பெண்களின் நாப்கினிலும் இருப்பது அதே குடும்பத்துப் பொருள்தான். அணையாடையைப் பிரித்து உள்ளே இருப்பதைப் பூச்சட்டியில் போடச் சொல்லும் காணொளிகள் சுற்றுகின்றன. அதைச் செய்யாதீர்கள். அது சோடியம் வகை. சோடியம் மண்ணின் கட்டமைப்பைக் குலைக்கும். பயிருக்கு உகந்தது பொட்டாசியம் வகை.

நமக்குப் பக்கத்தில் இந்தத் துறையில் பெயர் பெற்றது இந்தியாவின் ‘பூசா ஹைட்ரோஜெல்’. புதுடில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தில் அனுபமா சிங் உள்ளிட்ட விஞ்ஞானிகள் உருவாக்கியது. தாவர செலுலோசை அடித்தளமாகக் கொண்டு, அதன்மேல் அக்ரிலேற்றை ஒட்டவைத்துச் செய்யப்படுகிறது. சென்னையின் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் உரிமம் பெற்று ‘காவேரி’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. தன் எடையைப்போல் குறைந்தது 350 மடங்கு தூய நீரை உறிஞ்சும் என்றும், வெப்பம் 40, 50 பாகையாக உள்ள மண்ணிலும் திறன் குறையாது என்றும் உருவாக்கியவர்கள் சொல்கிறார்கள். பரிந்துரைக்கப்படும் அளவு ஹெக்டேயருக்கு 2.5 முதல் 5 கிலோ. நம் வழக்கில் சொன்னால் ஏக்கருக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிலோ.

எண்ணூறு லீற்றர்

இங்கேதான் பேனாவை எடுக்க வேண்டும். இரண்டு கிலோ ஜெல் தாராளமாக 400 மடங்கு குடித்தாலும் அதில் அடங்குவது 800 லீற்றர். சிறுபோக வெயிலிலும் காற்றிலும் தழைத்து நிற்கும் பயிர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீரை வெளியே விடுகிறது. ஓர் ஏக்கருக்கு அது 20,000 லீற்றர். ஆக, ஏக்கர் முழுவதும் கலந்த ஜெல் வயிறு நிறையக் குடித்து அத்தனையையும் கொடுத்தாலும் பயிருக்கு அது பகலில் அரை மணி நேரத் தேவைகூடத் தேறாது. ஒவ்வோர் இறைப்பிலும் அது மறுபடி நிரம்பும் என்று வாதிடலாம். போகம் முழுவதும் இருபது தடவை நிரம்பினாலும் 16,000 லீற்றர்தான். ஒரு நாளைக்கே போதாது.

அப்படியென்றால் ஜெல் போட்ட வயல்களில் விளைச்சல் கூடியது, இறைப்பு குறைந்தது என்று இந்தியாவில் வெளிவந்த ஆய்வு முடிவுகள் பொய்யா? பொய் என்று சொல்ல மாட்டேன். பரிந்துரையைக் கவனித்துப் படித்தால் விடை கிடைக்கிறது. அவர்கள் வயல் முழுக்கத் தூவச் சொல்லவில்லை. பத்து மடங்கு உலர்ந்த மெல்லிய மண்ணோடு கலந்து, விதை விழும் சாலிலேயே விதையோடு சேர்த்துப் போடச் சொல்கிறார்கள். முளைக்கும் விதைக்கும், முதல் வேர் விடும் நாற்றுக்கும் தேவைப்படும் தண்ணீர் மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சம் தவறாமல் கிடைத்தால் பயிர் ஒரே சீராக எழும்பும், வேர் ஆழமாக இறங்கும். ஆழத்தில் ஏற்கெனவே இருக்கும் ஈரத்தை எட்டிப்பிடித்த செடிக்கு அடுத்த இறைப்புச் சற்றுப் பிந்தினாலும் தாங்கும். பெரிய ஏக்கர்க் கணக்கில் ஜெல்லுக்குப் பங்கு சிறிது. நடுகையின் முதல் பத்து நாளில்தான் அதன் வலு தெரிகிறது.

மண்ணும் இதில் பேசும். பிடிமானமில்லாத மணலில் ஜெல்லின் உதவி கூடுதலாகத் தெரியும். தம்புள்ளையைச் சுற்றியுள்ள செங்கபில மண் அந்த ரகமல்ல. காய்ந்தால் மண்வெட்டி இறங்காத கடினம், நனைந்தால் ஒட்டும். வேலை செய்ய வாகான ஈரநிலை இடையில் சில நாள் மட்டுமே. சற்று ஆழத்தில் பல இடங்களில் பரல்கல் அடுக்கு. இறுகிய மண்ணுக்குள் அகப்பட்ட குறுணியைச் சுற்றி மண்ணின் பாரம் அழுத்திக்கொண்டிருக்கும். போத்தலில் ஊதிய அளவுக்கு அங்கே அது ஊத முடியாது.

கிணற்று நீரில் குறுணி சுருங்கும்

தம்புள்ளைக்குப் பெரிய நீர்த்திட்டங்கள் இல்லாமலில்லை. 1976 இல் பொல்கொல்லையில் திருப்பப்பட்ட மகாவலி, உக்குவளை, சுதுகங்கை வழியாகப் போவதென்னைக்கு வந்து, அங்கிருந்து சுரங்கத்தினூடாகத் தம்புலு ஓயாப் பக்கம் பாய்கிறது. கண்டலமைக் குளமும் கலாவெவவும் அதில் நிறைகின்றன. மொரகஹகந்தை 2018 இல் பாவனைக்கு வந்தது. ஆனால் வாய்க்காலுக்கு மேட்டிலிருக்கும் தோட்டங்களுக்கு அந்த நீர் தானாக ஏறாது. அங்கே ஆள்வது விவசாயக் கிணறு: பதினைந்து, இருபது அடி அகல வாயோடு, கருங்கல் எட்டும்வரை தோண்டப்பட்ட வட்டக் கிணறு. 1989 முதல் அரசு மானியம் கொடுத்து உலர்வலயம் எங்கும் இவற்றைப் பரப்பியது. வன்பாறைக்கு மேலுள்ள மெல்லிய படையில் தங்கும் நீருக்கு எல்லை உண்டு, கிணறுகளை நெருக்கமாகத் தோண்டக்கூடாது என்று மண்ணியல் அறிஞர் சி. ஆர். பானபொக்க எச்சரித்திருந்தார். செப்டெம்பரில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் அந்த எச்சரிக்கையின் பொருள் புரியும்.

உலர்வலயக் கிணற்று நீருக்கு இன்னொரு குணம் உண்டு. அது பல இடங்களில் வன்னீர். கல்சியமும் மக்னீசியமும் நிறைந்தது. கேத்தலின் அடியில் வெள்ளைப் படையாகப் பிடிப்பது அதுதான். ஜெல்லுக்கு இது விரோதி. வெளி நீரிலேயே உப்பு இருந்தால் உள்ளே இழுக்கும் பிரசாரண விசை குறைகிறது. கல்சியம் அயனுக்கோ மின்னேற்றம் இரண்டு. அது இரண்டு சங்கிலிகளை ஒரே பிடியில் சேர்த்துக் கட்டிவிடும். குறுணி இறுகிவிடும். காய்ச்சிவடித்த நீரில் நானூறு மடங்கு குடிக்கும் இந்த வகை ஜெல், ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைந்த உப்புநீரில் நாற்பது, ஐம்பது மடங்கோடு நின்றுவிடும். கிணற்று நீரில் கிடைப்பது இவற்றுக்கு இடைப்பட்ட ஓர் அளவு. கரைந்த உரமும் அதே வேலையைச் செய்யும்.

ஆகவே விளம்பரத்தில் போட்டிருக்கும் மடங்குக் கணக்கை நம்ப வேண்டாம். உங்கள் கிணற்றைக் கேளுங்கள். ஒரு கிராம் குறுணியை ஒரு லீற்றர் மழைநீரிலும், இன்னொரு கிராமை ஒரு லீற்றர் கிணற்று நீரிலும் ஊறப்போடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து இரண்டையும் பழைய நூல்துணியில் வடிகட்டி, நகைக்கடையில் வைத்திருப்பது மாதிரியான சிறு இலத்திரனியல் தராசில் நிறுத்துப் பாருங்கள். கிணற்று நீரில் ஊறியது 120 கிராம் என்றால் உங்கள் தோட்டத்தில் அதன் திறன் 120 மடங்கு. அதற்கு மேல் கிடைக்காது. சுண்ணாம்புப் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கும் யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயத் தோட்டக்காரரும் வாங்குமுன் இதைச் செய்து பார்க்க வேண்டும். கல்பிட்டியின் மணலுக்கு ஜெல் பொருத்தமாகத் தோன்றும். அங்கேயும் கிணற்றின் உவர் எவ்வளவு என்பதே முடிவைச் சொல்லும்.

நாற்றின் வேரில்

பெரிய வெங்காயத்தை நாற்றங்காலில் வளர்த்து, பிடுங்கி, வெறும் வேரோடுதான் நடுகிறோம். பிடுங்கிய கட்டுகள் நிழலில் கிடந்தாலும் கச்சான் வேர்நுனியைக் காயவைத்துவிடும். நட்ட பிறகு முதல் வாரம் தலை சாய்ந்து கிடக்கும் நாற்றுகளைக் காப்பாற்றவே அடுத்தடுத்து இறைக்க வேண்டியிருக்கிறது. இங்கே ஜெல் மலிவாக உதவக்கூடியது. பூசா ஜெல்லுக்கான பரிந்துரை எளிமையானது: ஒரு லீற்றர் நீருக்கு இரண்டு கிராம் கலந்து, அரை மணி நேரம் விட்டு, அந்தக் கரைசலில் வேரை முக்கி எடுத்து நட வேண்டும். வேரைச் சுற்றி மெல்லிய ஈரப்படலம் ஒட்டிக்கொள்ளும். கரைசலை மழைநீரில் கலக்கினால் கிணற்றின் கல்சியம் தொடக்கத்திலேயே கெடுப்பதும் தவிரும். கூரை நீரில் ஒரு பீப்பாய் பிடித்து வைத்திருந்தால் போதும். நாற்றங்கால் பாத்திக்கென்றால் சதுர மீற்றருக்கு இரண்டு கிராமை மேல் இரண்டு அங்குல மண்ணில் கலக்கச் சொல்கிறார்கள். இதற்கெல்லாம் கிலோக் கணக்கில் ஜெல் தேவையில்லை.

அடுத்தது மாங்கன்று. தம்புள்ளைப் பக்கம் ரொம் ஈஜேசி மாமரங்கள் பெருகிவிட்டன. ஒரு குழிக்கு இருபது கிராம் ஜெல்லை மண்ணோடு கலந்து போட்டால், கிணற்று நீரில் நூறு மடங்கு என்று வைத்தாலும், இரண்டு லீற்றர் நீர் கன்றின் வேரடியில் தங்கும். முழு ஏக்கருக்கு அற்பமாகத் தெரிந்த அதே கணக்கு ஒற்றைக் கன்றுக்கு மூன்று, நான்கு நாள் ஆயுளாகிறது. கன்றுக்கு வாளியில் நீர் சுமந்து ஊற்றும் பெண்களுக்கு அது எத்தனை நடை மிச்சம் என்று யோசியுங்கள். சட்டிப் பூஞ்செடிக்கும், தட்டில் வளரும் மிளகாய், தக்காளி நாற்றுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

வைக்கோலின் வேலை

ஏக்கர்க் கணக்குக்கு என்ன வழி? வெங்காயப் பாத்தியை உச்சி வெயிலில் மேலிருந்து பார்த்தால் தெரியும். வெங்காய இலை குத்திட்டு நிற்கும் குழல். அறுவடை வரைக்கும் அது மண்ணை முழுமையாக மூடுவதில்லை. இடைவெளியில் திறந்து கிடக்கும் சிவந்த மண்ணிலிருந்து நேரே காற்றுக்குப் போகும் ஈரத்துக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை. பெரும்போக நெல் அறுவடை முடிந்து மலிந்து கிடக்கும் வைக்கோலைப் பாத்தியில் மெல்லியதாகப் பரப்பினால் அந்த இழப்பு குறையும், களையும் அடங்கும். எரித்துவிடும் வைக்கோலை நினைத்தால் எனக்கு ஆற்றாமைதான் வருகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேரைத் தாண்டிக் கீழே வடியும் நீரில் ஒரு பகுதி ஆழமில்லாத நிலத்தடிப் படைக்குத்தான் திரும்புகிறது. சில வாரத்தில் அதே கிணற்றிலோ அயலவர் கிணற்றிலோ ஊறலாம். ஜெல் முக்கியமாகத் தடுப்பது இந்த வடிதலை. அதனால் பம்ப் எண்ணெய் மிச்சமாகும், உரம் நைத்திரேற்றாகக் கிணற்றில் இறங்குவதும் குறையும். இரண்டும் நல்ல பலன்கள். ஆனால் ஊரின் நீர்க் கையிருப்பு அதனால் அதிகம் கூடாது. காற்றில் ஆவியாகப் போன நீரோ ஊருக்குத் திரும்பாது. அதைத் தடுக்கும் வைக்கோலே கிணற்று மட்டத்தை உண்மையில் காப்பாற்றுகிறது. நீரை மிச்சப்படுத்தும் திட்டம் போடும் அதிகாரிகள் இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

தென்னை முக்கோணம் தம்புள்ளைக்குத் தூரமில்லை. குருநாகல் பக்கத்துத் தும்பு ஆலைகளில் குவியும் தும்புத்தூள் தன் எடையைப்போல் சுமார் எட்டு மடங்கு நீரைப் பிடிக்கும். மடங்கில் ஜெல்லின் அருகே வராது. ஆனால் அதைத் தொன் கணக்கில் போடலாம். ஒரு தொன் 8,000 லீற்றர் பிடிக்கும். அது பிறந்த மண்ணுக்கே திரும்பும் பொருள். உப்பு போகக் கழுவி, மக்கவைத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். லுணுவிலவிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிறுவனம் ஈரம் காக்கத் தேங்காய் மட்டையைக் குழியில் புதைக்கச் சொல்லி நெடுங்காலமாகப் பரிந்துரைத்து வருகிறது. கப்பலேறி வெளிநாட்டுப் பசுமைக்குடில்களில் தக்காளி வளர்க்கும் நம் தும்புத்தூள், பக்கத்து மாவட்டத்து வெங்காயத்துக்கும் கொஞ்சம் கிடைக்க வேண்டும்.

மண்ணில் மிஞ்சுவது

ஜெல் எப்போது மறையும் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. அக்ரிலேற் சங்கிலி மண்ணில் மிக மெதுவாகவே சிதையும். ஊதும் திறன் போன பிறகும் துண்டுகள் கிடக்கும். பொலிஅக்ரிலமைட் வகை ஜெல்லில் தயாரிப்பின்போது மிஞ்சும் அக்ரிலமைட் நரம்பு மண்டலத்துக்கு நஞ்சு. புற்றுநோய்க் காரணியாகவும் இருக்கக்கூடும் என்று வகைப்படுத்தப்பட்டுள்ளது. தரமான பொருளில் அந்த எச்சம் மிகச் சிறியதாகக் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். பெயர் விபரமில்லாத பையில் என்ன இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? ஐரோப்பிய ஒன்றியம் 2019 இல் கொண்டுவந்த உர ஒழுங்குவிதி, நீரைப் பிடித்துவைக்கச் சேர்க்கும் பொலிமர் மண்ணில் உயிரியல் முறையில் சிதைய வேண்டும் என்பதற்கு 2026 ஐக் காலக்கெடுவாக வைத்தது. இங்கேயும் பொலிமரின் வகையையும், சோடியமா பொட்டாசியமா என்பதையும், எத்தனை ஆண்டில் சிதையும் என்பதையும் பையிலேயே அச்சிட வைக்க வேண்டும், சிங்களத்திலும் தமிழிலும்.

பழத்தோலிலிருந்து செய்த ஜெல்லும் வந்துவிட்டது. ராஜஸ்தான் விவசாயக் குடும்பத்துப் பிள்ளையான நாராயண் லால் குர்ஜர் தொடங்கிய ஈஎஃப் பொலிமர் நிறுவனம், சாறு பிழிந்த தோடம்பழத் தோல் போன்ற கழிவிலிருந்து மண்ணில் மக்கிப்போகும் ஜெல்லைத் தயாரிக்கிறது. ஜப்பானின் ஒக்கினாவாவிலும் அது வேரூன்றிவிட்டது. உறிஞ்சும் மடங்கு அக்ரிலேற்றைவிடக் குறைவுதான். ஆனாலும் தம்புள்ளை விசேட பொருளாதார மத்திய நிலையத்தில் இரவு முழுதும் லொறிகள் இறக்கி ஏற்றியபின் விடியலில் தரையில் கிடக்கும் பழங்களையும் மரக்கறிகளையும் பார்க்கும்போது, நம் பல்கலைக்கழக மாணவர் எவராவது இந்த வழியில் கை வைக்கமாட்டாரா என்று மனம் அடித்துக்கொள்கிறது.

வெங்காயத்துக்கே உரிய ஒரு கேள்வி பாக்கி. அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பே இறைப்பை நிறுத்தி, தாள் சாய்ந்து கழுத்து காய விடுகிறோம். ஈரக் கழுத்தோடு கிளப்பிய வெங்காயம் சேமிப்பில் அழுகும். 2025 ஏப்ரலில் இந்திய உதவியோடு தம்புள்ளையில் திறக்கப்பட்ட 5,000 தொன் கொள்ளளவுள்ள, வெப்பமும் ஈரப்பதனும் கட்டுப்படுத்தப்பட்ட களஞ்சியத்துக்குப் போனாலும், சரியாகக் காயாத வெங்காயத்தை அது சீராக்கித் தராது. பாத்தியில் ஜெல் இருந்தால் கடைசி இறைப்பை எத்தனை நாள் முன்னே தள்ள வேண்டும்? மகாஇலுப்பள்ளம ஆராய்ச்சி நிறுவனம் தம்புள்ளைக் கிணற்று நீரிலேயே இதைச் சோதிக்க வேண்டும். வேர் முக்கி நட்ட பாத்தி, வைக்கோல் மட்டும் போட்ட பாத்தி, இரண்டும் சேர்ந்தது, ஒன்றும் போடாதது என்று அருகருகே வைத்து, பம்ப் குடித்த எண்ணெயை லீற்றரில் எழுதி, மூன்று மாதச் சேமிப்புக்குப் பின் அழுகியதைக் கிலோவில் நிறுத்து, அடுத்த ஏப்ரலில் நாற்றங்கால் விதை விழுமுன் அந்த முடிவைக் கமநல சேவை நிலையங்களில் ஒட்ட வேண்டும்.